கொக்குக்குப் பின்னால் ஒரு கை

பிணம் முனகியது.

அந்த முனகல் வரும்வரை அது பிணம்தான் என்று அவள் முடிவே கட்டியிருந்தாள்.

ரோபாட்டிக்ஸ் லேப். மதியச் சாப்பாட்டு நேரம். பேராசிரியர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். மூக்குக்கண்ணாடி ஒரு மூலையில், ஒற்றைச் செருப்பு இன்னொரு மூலையில். நெற்றிப் பொட்டில் புறப்பட்ட ரத்தம் சட்டைக் காலரை நனைத்துவிட்டு, தரை ஓடுகளின் இடுக்கில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

அவருக்கு மேலே... கொக்கு.

மஞ்சள் பெயின்ட் பூசிய இயந்திரக் கை. மேஜையோடு போல்ட் போட்டு இறுக்கிய அடிப்பாகம், நீளக் கழுத்து, நுனியில் சாமான்களைக் கவ்வ ஓர் இடுக்கி. அந்த இடுக்கியின் விளிம்பில் ஈரச் சிவப்பு.

அவள் அலற வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

இரண்டாவது முயற்சியில் வந்த அலறல் கட்டடத்தையே எழுப்பி உட்கார வைத்தது.

"என்னடி ஆச்சு?"

ஸ்டோர் அக்கா சாப்பிட்ட கையோடு ஓடிவந்தாள். லேப்பின் சாமான் அறைக்குப் பொறுப்பானவள். பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"ஐயோ... சார்..."

"உயிர் இருக்குக்கா. இப்பத்தான் முனகினாரு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. லேப்பில் அவள் திருகாணி. பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் நாலைந்து திருகாணிகள் குலுங்கும் என்பதால் வந்த பெயர். முதுகலை ரோபாட்டிக்ஸ், கடைசி வருடம். தரையில் கிடந்தவர்தான் அவளுடைய கைடு.

அவருக்கு மேலே கழுத்தைத் தாழ்த்தி நின்றதோ... அவளுடைய தீசிஸ்!

*

"மிஷின்தான் மேடம். சந்தேகமே வேண்டாம்."

சொன்னவர் இயக்குநர். அந்தக் கல்வி நிறுவனம் மொத்தத்துக்கும் தலைவர். அடிபட்டவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்ட கையோடு தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்த பெண் இன்ஸ்பெக்டர் ஐம்பதை நெருங்குபவர். உட்காரச் சொல்லியும் உட்காராமல், அறைச் சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். எல்லாப் படத்திலும் கொக்கு. கொக்கோடு இயக்குநர். கொக்கோடு கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள். ஒரே ஒரு படத்தில் ஓரமாக, பாதி வெட்டுப்பட்டுத் திருகாணி.

"மிஷின் எப்படி சார் ஆளை அடிக்கும்? அதுக்கென்ன அவர் மேல கோவமா?"

"இது தானா பாத்து, தானா யோசிச்சு, தானா இயங்கற கை மேடம். யாரும் தொடவே வேண்டாம். இவர் குறுக்க போயிருப்பாரு, அதுக்கு ஏதோ புரியாம போயிருக்கும். விபத்துன்னு எழுதிட்டீங்கன்னா..." குரலைத் தாழ்த்தினார். "ஒரு விதத்துல பாத்தா, நம்ம கொக்கு எந்த அளவுக்குத் தானியங்கின்னு இதுலயே தெரியுது பாருங்க."

அடிபட்டவர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் விளம்பரம் ஆரம்பமாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"நீதானேம்மா இதைச் செஞ்சது? சொல்லு. இது தானாவே அசையுமா?"

திருகாணி தலையை ஆட்டினாள்.

"ஆமா மேடம்."

பச்சைப் பொய்.

கொக்குக்கு கேமரா உண்டு. கணினி உண்டு. திரையில் கலர் கலராகக் கட்டங்கள் ஓடுவதும் உண்டு. எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்காக.

முதல் டெமோ நாள் காலையில் ஒத்திகை பார்த்தபோது, சிவப்புக் கோப்பையை எடு என்றால் கொக்கு சுவர்க் கடிகாரத்தைக் கவ்வப் போனது. கைடு விருந்தாளிகளை வரவேற்க வாசலுக்குப் போயிருந்தார். வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டுவிட்டது. அவள் மென்பொருளை நிறுத்தினாள். வீடியோ கேம் விளையாடும் ஜாய்ஸ்டிக் ஒன்றை இயந்திரத்தில் செருகினாள். லேப்பின் கோடியில் உடைந்த சாமான்களை மறைக்கத் தொங்கவிட்டிருந்த துணித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பதுங்கி, துணியின் கிழிசல் வழியே பார்த்துக்கொண்டு கொக்கை ஆட்டினாள்.

கோப்பை எழுந்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

இன்றைக்கு ஒரு நாள் மட்டும், நாளைக்குச் சரி செய்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. டெமோக்கள்தான் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு கைதட்டலுக்கும் தடுப்புக்குப் பின்னால் அவள் உடம்பு கூசிச் சுருங்கும். அப்புறம் வெளியே வந்து கை குலுக்குவாள். விஷயம் கைடுக்குக்கூடத் தெரியாது என்பதுதான் அவள் கணக்கு.

இப்போது அந்தக் கூச்சத்தோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது.

ஜாய்ஸ்டிக்கை யாராவது அசைக்காமல் கொக்கு அசையாது. கொக்கு அசைந்திருக்கிறது.

அப்படியென்றால்... தடுப்புக்குப் பின்னால் ஒரு கை இருந்திருக்கிறது.

அதைச் சொன்னால் அடித்தவன் மாட்டுவான். கூடவே அவளும் மாட்டுவாள். படிப்பு, பட்டம், பேர் எல்லாம் அன்றோடு காலி. சொல்லாவிட்டால் அடுத்த வாரம் வைவா தேர்வு, அதற்கடுத்து பட்டமளிப்பு விழாவின் கறுப்பு அங்கி.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

*

ஆஸ்பத்திரி வராந்தா. தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு எதிரே, பெஞ்சின் நுனியில் சார்ஜர் உட்கார்ந்திருந்தான்.

சார்ஜர், லேப்பில் அவளோடு படிப்பவன். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "சார்ஜர் இருக்கா?" அவனும் ஓர் இயந்திரக் கைதான் செய்துகொண்டிருந்தான். நண்டு என்று பெயர் வைத்த, நிஜமாகவே தானாக இயங்கும் கை. அது கோப்பையைக் கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிவிடும். கண்டுபிடித்த கோப்பையைப் பாதி வழியில் கீழே போட்டுவிடும். "அவ கொக்கைப் பாருடா, உன் நண்டைப் பாருடா" என்று கைடிடம் திட்டு வாங்கியே ஒரு வருடம் பின்தங்கிப் போனவன்.

"சாப்பிட்டியாடா?"

"பசிக்கல."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இன்னும் கண்ணு முழிக்கல." அவன் தரையையே பார்த்தான். "திருகாணி... ஒண்ணு கேக்கறேன். கொக்கு தானாத்தான் அடிச்சுதா?"

"ஆமாடா."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பார்வையில் கோபமில்லை. ஏதோ ஒன்று அணைந்து போனது.

"சரி," என்றான்.

அவள் போன் அடித்தது. அம்மா.

"டிவியில காட்டினாங்கடி உன் ரோபோவை. அந்த மனுஷனை அடிச்சது தப்புதான், நான் இல்லைங்கல. ஆனா யாரும் சொல்லாமலேயே என்ன வேகமா வீசியிருக்குன்னு மாடி வீட்டு அத்தை வாயைப் பொளந்துட்டாங்க. உங்கப்பா ரெண்டு தடவை முகம் கழுவிட்டு வாசல்ல போய் நிக்கறாரு, யாராவது வந்து கேப்பாங்கன்னு."

"அம்மா, வைம்மா."

"ஏன்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. வை."

போனை வைத்தாள். யாரோ தோளைத் தொட்டார்கள். கைடின் மனைவி. அழுதழுது வீங்கிய கண்கள்.

"நீதானே அந்தப் பொண்ணு? வீட்டுல எப்பவும் உன் பேச்சுதான்."

திருகாணி எழுந்து நின்றாள். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"குடி. முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு பாரு. நீ கலங்காதேம்மா. அந்த மிஷின் என்ன, வேணும்னா பண்ணுச்சு? தூக்கத்துல குழந்தை கால் பட்டா திட்டவா முடியும்? உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது."

திருகாணி ஒரு மடக்குக் குடித்தாள். உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி வெட்கம். இத்தனை நாள் கைதட்டல்களுக்கு வராத அழுகை ஒரு வாய்த் தண்ணீருக்கு வந்தது.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். படிகளில் இறங்கி ஓடினாள்.

*

"மேடம், அது தானா அசையாது."

லேப்பில், துணித் தடுப்பை விலக்கிப் பிடித்தபடி நின்றாள். இன்ஸ்பெக்டர் குனிந்து ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதே சாமானை என் பையன்கிட்ட இருந்து பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கேன். நீங்க இதுக்கு முதுகலைப் பட்டமா குடுக்கறீங்க?"

அவள் தலை தானாகக் குனிந்தது.

"மத்தியானம் கேட்டப்போ ஏன் பொய் சொன்னே?"

"வெக்கமா இருந்துச்சு மேடம்."

"இப்ப?"

"இப்ப அதைவிட வெக்கமா இருக்கு. அதான் சொல்லிட்டேன்."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சம்பவம் நடந்தப்போ நீ கேன்டீன் வரிசையில நின்னது கேமராவுல இருக்கு. பாத்துட்டேன். இல்லேன்னா முதல்ல உன்னைத்தான் அள்ளிக்கிட்டுப் போயிருப்பேன். சரி, இந்த லேப்புக்கு வேற யார் யார்கிட்ட சாவி இருக்கு?"

"இயக்குநர் சார், ஸ்டோர் அக்கா, அப்புறம் சார்ஜர்."

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினார்.

கொக்கு விர்ரென்று வலது பக்கம் திரும்பியது.

"என்னம்மா இது, கோணல் புத்தியா இருக்கு?"

"அடி மோட்டாருக்கு வயரை மாத்திக் குடுத்துட்டேன் மேடம். இடது தள்ளினா வலது போகும், வலது தள்ளினா இடது போகும். சரி பண்ணணும்னு இருந்தேன். அதுக்குள்ள எனக்குக் கை பழகிடுச்சு."

இன்ஸ்பெக்டரின் கண்களில் ஒரு வெளிச்சம்.

"அப்ப புதுசா தொடறவங்க எல்லாரும் முதல்ல தப்பாத்தான் தள்ளுவாங்க."

"ஆமா மேடம். எப்பவுமே."

"தப்பு பண்ணாதவன் எவனோ, அவன் இதுல பழகினவன். பழகினவன்தான் குறி பாத்து அடிச்சிருக்கணும்." எழுந்தார். "மூணு பேரையும் வரச் சொல்லு. நீ வாயே திறக்கக் கூடாது."

*

முதலில் இயக்குநர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இப்படி ஒரு ஜாய்ஸ்டிக் இருக்குன்னே இப்பத்தான் மேடம் எனக்குத் தெரியும். நம்ம நிறுவனத்துலயா இந்த மோசடி? நெஞ்சே ஆடிப் போச்சு." திருகாணியைப் பார்த்து 'ச்சே' என்றார். அவள் இன்னும் குறுகிப் போனாள்.

"இருக்கட்டும் சார். சும்மா உக்காந்து, கொக்கை இடது பக்கமா அந்த ஸ்டூல் வரைக்கும் கொண்டு போங்க பாப்போம்."

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லையே..." என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். ஜாய்ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினார்.

கொக்கு இடது பக்கம் வழுக்கிக்கொண்டு போய், ஸ்டூலுக்கு மேலே அழகாக நின்றது.



"சார்," இன்ஸ்பெக்டர் மெல்லக் கேட்டார். "இடது பக்கம் போகணும்னா ஏன் வலது பக்கம் தள்ளினீங்க?"

"அப்படித் தள்ளினாத்தானே போ..."

முடிப்பதற்குள் அவர் முகம் தொங்கிவிட்டது.

திருகாணி அவரையே பார்த்தாள். இவரா? எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டு நின்ற இவரா?

"மேடம், நான் அடிக்கல. சத்தியமா. லீவுல என் பேரன் வந்தப்போ இதை வச்சு விளையாடினான். எனக்கும் சொல்லிக் குடுத்தான். அவ்வளவுதான்."

"அப்ப இது பொய்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

இயக்குநர் கொக்கைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கூட வந்திருந்த கான்ஸ்டபிளுக்குக் கண்ணைக் காட்டினார்.

"அவரை விட்டுடுங்க மேடம்." வாசலில் நின்ற ஸ்டோர் அக்கா உள்ளே வந்தாள். கேட்பதற்கு முன்னாலேயே உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்கை வலது பக்கம் தட்டி, கொக்கை இடது பக்கம் கொண்டுபோய், ஸ்டூல் மேலிருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கி மேஜை மேல் பூப்போல வைத்தாள்.

"மேல் தட்டுல இருக்கற பெட்டியெல்லாம் நான் இதுலதான் இறக்கறேன். முட்டி வலிக்கு ரொம்ப உதவி. இந்தப் பொண்ணு டெமோ அப்போ தடுப்புக்குப் பின்னாடி இருமும். முதல் வரிசைக்கே கேக்கும். கைடு சார் இருமலை மறைக்கத் தொண்டையைக் கனைப்பாரு. எல்லாருக்கும் தெரியும் மேடம்."

"கைடு சாருக்குமா?" திருகாணியின் வாய் தன்னால் திறந்துகொண்டது.

"அவருக்குத்தான்டி முதல்ல தெரியும்."

தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவளுக்கு. இத்தனை நாள் தனியாகச் சுமந்த ரகசியம்... ஊரே கூடிச் சுமந்திருக்கிறது. அவள் ஒளித்தாள் என்பதைவிட, இவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒளிய விட்டார்கள் என்பதுதான் இன்னும் கேவலமாகப் பட்டது.

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒருவனைப் பிடிக்கப் போட்ட வலையில் மொத்தக் குளமும் விழுந்துவிட்டது.

"கடைசியா நீ வாப்பா."

சார்ஜர் வந்து உட்கார்ந்தான். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தான். இடது பக்கம் தள்ளினான்.

கொக்கு வலது பக்கம் வீசியது. அவன் விருட்டென்று கையை உதறி எடுத்தான்.

"அப்பாடா," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒருத்தனாவது தப்பா தள்ளினான். உனக்கு இது பழக்கமில்ல. நீ போலாம் தம்பி."

அவன் போகவில்லை.

"போலாம்னு சொன்னேன்."

"மத்தியானமும் இப்படித்தான் மேடம் போச்சு."

"என்னது?"

"நான் இடது பக்கம்தான் தள்ளினேன். சுவத்துல மோதி உடையட்டும்னு. சார் வலது பக்கம் நின்னாரு."

போனுக்கு சார்ஜர் தேடித்தான் தடுப்புக்குப் பின்னால் போயிருக்கிறான். ஜாய்ஸ்டிக்கைப் பார்த்திருக்கிறான். கைடிடம் கேட்டிருக்கிறான்.

"'உனக்கு இப்பத்தான் தெரியுமா'ன்னு சிரிச்சாரு மேடம். ஒரு வருஷமா தூங்காம என் நண்டைக் கட்டினேன். இவ கொக்கு மாதிரி வரலையேன்னு என்னையே நான் திட்டிக்கிட்டேன். எதைப் பாத்து மேடம் நான் தோத்தேன்? அந்தக் கோவத்துல உடைச்சிடணும்னு உக்காந்தேன். அது அவர் மேல வந்து விழுந்துச்சு. காலேஜ் டாக்டரைக் கூப்பிட ஓடினேன், அவர் ரூம் கதவு பூட்டியிருந்துச்சு. திரும்பி வந்தா கூட்டம். மிஷின் பண்ணுச்சு, மிஷின் பண்ணுச்சுங்கறாங்க. பயந்துட்டேன். அப்புறம்... நான் வாயைத் திறந்தா இவ படிப்பு போயிடுமேன்னு இருந்துச்சு."

திருகாணி முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவன் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. விஷயம் தெரிந்தேதான் கேட்டிருக்கிறான். அவள் வாயிலிருந்து உண்மை வருமா என்று பார்த்திருக்கிறான்.

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் நிறுத்தியிருந்த போலீஸ்காரர்.

"சொல்லுய்யா... கண்ணு முழிச்சுட்டாரா? நல்லது. என்ன சொன்னாரு?... திரும்பச் சொல்லு."

போனை வைத்துவிட்டுத் திருகாணியின் பக்கம் திரும்பினார்.

"உங்க கைடு வாக்குமூலம் குடுத்திருக்காரு. மிஷின் தானாத்தான் அடிச்சுதாம். யாரும் தொடவே இல்லையாம். தலையில கட்டோட கிடக்கறப்பவும், 'எவ்வளவு துல்லியமான மிஷின்னு சேத்து எழுதிக்கங்க'ன்னாராம்."

இயக்குநரின் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது.

"அப்புறம் என்ன மேடம்? அடிபட்டவரே சொல்லிட்டாரு. இவளுக்குப் பட்டம், இந்தப் பையனுக்கு விடுதலை, நிறுவனத்துக்கும் பேரு. யாருக்கும் நஷ்டமில்ல. என்னம்மா, உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிடு. மிஷின்தான்னு."

எல்லோரும் திருகாணியைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை. மத்தியானம் சொன்ன அதே வார்த்தை. அம்மா சந்தோஷப்படுவாள். அப்பா வாசலிலேயே நிற்பார்.

சார்ஜர் அவளைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை அவன் எதுவும் கேட்கவும் இல்லை.

"எழுதிக்கங்க மேடம்," என்றாள் அவள். குரல் உடைந்தாலும் நிற்கவில்லை. "கொக்கு தானா அசையாது. எப்பவும் அசைஞ்சதில்ல. இவன் இடது பக்கம்தான் தள்ளினான். வயரை மாத்தி வச்சது நான். அவர் தலையில விழுந்தது என் தப்பு. இதை நான் சொன்னாத்தான் இவன் வேணும்னு அடிக்கலன்னு ஆகும்."

சார்ஜர் மெல்லத் திரும்பினான்.

"உன் டிகிரிடி."

"அது என்னோடதே இல்லடா," என்றாள்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல, அடி வாங்கினவர் பொய் சொல்லி, அடிச்சவன் உண்மை சொல்ற கேஸை இன்னைக்குத்தான் பாக்கறேன். நீங்க ரெண்டு பேரும் என்கூட வண்டியில ஏறுங்க. வாக்குமூலம் வாங்கணும்."

"அப்ப... நாங்க மேடம்?" இயக்குநர் பின்னாலேயே வந்தார்.

"வண்டியில இடமில்ல சார். நீங்களும் அந்தம்மாவும் ஸ்டேஷனுக்கு நடந்தே வந்துடுங்க... யாரும் தள்ளாம, தானா!"